நடுவில் ஆள் வேண்டும், பேட்டன்ட்டில் வேண்டாம்

கேள்வி

கோவை கணபதியில் எங்களுக்குச் சிறிய பம்ப்செட் கம்பெனி. அப்பா ஆரம்பித்தது, எட்டு வருஷமாக நான் பார்த்துக்கொள்கிறேன். 22 பேர் வேலை செய்கிறார்கள். போர்வெல் சப்மெர்சிபிள்தான் எங்கள் சரக்கு. சோலார் பம்புக்குள் போகலாம் என்றால், அந்த மோட்டாரில் வைக்கிற காந்தம் இந்த மாதம் கிடைக்கிறது, அடுத்த மாதம் கிடைப்பதில்லை. பக்கத்து மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் காந்தமே இல்லாத மோட்டாரைத் தன் லேபில் ஓட்டிக் காட்டினார். அதை எங்கள் ஷாப்பில் செய்ய முடியுமா என்று பேசிக்கொண்டிருந்தபோது ஒரு கன்சல்டன்ட் வந்தார். கல்லூரிக்கும் கம்பெனிக்கும் நடுவில் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். முன்பணம் 3 லட்சம், திட்டச் செலவில் 15 சதவீதம் கேட்கிறார். பேட்டன்ட்டில் எங்கள் பெயர், கல்லூரியின் பெயரோடு அவர் கம்பெனி பெயரும் இருக்க வேண்டும், மூன்று வருஷத்துக்குப் பேச்சு எல்லாம் அவர் வழியாகத்தான் என்கிறார். மத்திய அரசு மானியமும் வாங்கித் தருவாராம். பேராசிரியர், "அவர்கிட்டயே பேசிக்கோங்க மேடம், எனக்கு இந்தப் பேப்பர் வேலை வராது" என்கிறார். அப்பாவோ, "நடுவுல ஆளு எதுக்குங்கறேன்? நேராப் போய்க் கேளு கண்ணு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

ஒரு வாசகி, கோவை

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதைப் பேசுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். அதே சமயம், அப்பா சொல்வதுபோல் யாருமே இல்லாமல் நேரே போனாலும் நீங்கள் நஷ்டப்பட வாய்ப்பு அதிகம். உங்களுக்கு நடுவில் ஒருவர் தேவைதான். அவர் எங்கே நிற்க வேண்டும், எதற்காகக் கூலி வாங்க வேண்டும் என்பதில்தான் வந்திருப்பவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

நான் பதினோரு வருஷம் மெஷின் ஷாப்பிலும், பத்தொன்பது வருஷம் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தொழில் தொடர்பு அலுவலகத்திலும் வேலை பார்த்தவன். அந்த அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் வால்வு வார்க்கிற ஃபவுண்டரி முதலாளி ஒருவர் வந்தார். வார்ப்பில் ஊசித்துளை விழுகிறது, பெரிய வாடிக்கையாளர் ஒருவர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்றார். நான் படிவத்தை நீட்டினேன். வார்ப்பில் துளைகள் பற்றிய ஆய்வு என்று தலைப்பு எழுதி, காசோலை எண்ணைக் குறித்துக்கொண்டு உலோகவியல் பேராசிரியருக்கு அனுப்பிவைத்தேன். இரண்டு வருஷம் கழித்து நல்ல முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்று வந்தது, இரண்டு கட்டுரைகள் வந்தன. எல்லாம் உருகிய உலோகத்தில் கரையும் வாயுவைப் பற்றியவை. முதலாளி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், மழைக்காலத்துல மட்டும் ஏன் விழுதுன்னுதானே கேட்டேன்" என்றார்.

அந்த 'மழைக்காலத்துல மட்டும்' என்பதை அவர் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் நான் எழுதவில்லை. ஃபவுண்டரிக்கு ஒரு தடவை நேரில் போயிருந்தால் மணல் நனைந்து கிடப்பதைக் கண்ணாலேயே பார்த்திருப்பேன். அந்த மனிதர் பிறகு எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்கவில்லை. பேராசிரியர் அவரை ஏமாற்றவில்லை. முதலாளியும் தப்பாகக் கேட்கவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த நான் என் வேலையைச் செய்யவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அது எனக்கு உறுத்துகிறது.

ஆகவே நடுவில் இருப்பவரின் வேலை என்ன என்பதை உங்கள் மோட்டாரை வைத்தே சொல்கிறேன்.

2025 ஏப்ரலில் சீனா, சில அரிய மண் தனிமங்களையும் அவை சேர்ந்த காந்தங்களையும் உரிமம் வாங்காமல் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று விதி போட்டது. அதிலிருந்து மின்வாகனக்காரர்கள் முதல் பம்புக்காரர்கள் வரை காந்தமில்லாத மோட்டாரைத் தேடுகிறார்கள். பேராசிரியர் காட்டியது பெரும்பாலும் சிங்க்ரனஸ் ரிலக்டன்ஸ் மோட்டாராக இருக்கும். சுற்றாமல் நிற்கிற பாகமான ஸ்டேட்டர், நீங்கள் இப்போது ஒயிண்டிங் கட்டுகிற அதே மாதிரிதான். வித்தியாசம் உள்ளே சுற்றுகிற ரோட்டாரில். அதில் காந்தமும் கிடையாது, செம்புக் கம்பியும் கிடையாது. ஸ்டாம்பிங் தகட்டில் பிறை பிறையாக வெட்டிய இடைவெளிகள் மட்டும். காந்தப்புலம் இரும்பு வழியே சுலபமாகப் போகிறது, இடைவெளி வழியே சிரமப்பட்டுப் போகிறது. அந்த வித்தியாசம்தான் ரோட்டாரைச் சுற்றுகிறது. நேரே லைனில் கொடுத்தால் ஓடாது, மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் வேண்டும். சோலார் பம்பில் கன்ட்ரோலர் எப்படியும் இருக்கிறது. நல்ல யோசனைதான், உங்கள் அளவுள்ள கம்பெனி கையில் எடுக்கத் தகுந்த யோசனை.

ஆனால் லேபில் அது காற்றில் ஓடியது. உங்கள் மோட்டார் தண்ணீர் நிரப்பியது, ரோட்டாரே தண்ணீருக்குள் சுற்றுகிறது. அந்தப் பிறை இடைவெளிகளுக்குள் தண்ணீர் புகுந்தால் துரு பிடிக்குமா, இழுவை எவ்வளவு கூடும்? ரெசின் ஊற்றி அடைப்பதா, மேலே ஸ்லீவ் போடுவதா? அடைத்தால் சூடு எந்த வழியாக வெளியே போகும்? 6 இஞ்ச் போர்வெல்லுக்குள் இறங்குகிற விட்டத்தில், பிறைகளுக்கு நடுவே விடுகிற மெல்லிய இரும்பை உங்கள் பிரஸ்ஸில் அடிக்க முடியுமா, ஒவ்வொன்றையும் மின்பொறிக் கம்பியால் அறுக்கிற ஒயர் கட் மெஷினில்தான் வெட்ட வேண்டுமா? இன்னொன்றும் உண்டு. இந்த வகை மோட்டாருக்கு, காந்த மோட்டாரைவிடப் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கிற கரண்டில் உருப்படியாக வேலை செய்கிற பங்கு, குறைவு. அதே வேலைக்குக் கன்ட்ரோலர் கூடுதல் கரண்டைத் தாங்க வேண்டும், அதன் விலை ஏறும். காந்தத்தில் மிச்சம் பிடித்த காசு கன்ட்ரோலரில் போய்விடுமா?

பேராசிரியருக்கு இதெல்லாம் தெரியாது என்று நான் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கோ இது கேள்வியாகவே தோன்றாது. தண்ணீருக்குள் ஓடாத மோட்டாரை உங்கள் ஷாப்பில் யார் பார்த்திருக்கிறார்கள்? இரண்டு பேரும் அவரவர் இடத்தில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆறு மாதம் வேறு வேறு மோட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். முதல் சந்திப்பிலேயே "சார், இது தண்ணிக்குள்ள ஓடணுமே" என்று சொல்கிறவருக்குத்தான் நடுவில் இடம். வந்திருக்கும் கன்சல்டன்ட் அதைக் கேட்டாரா? உங்கள் கடிதத்தில் அவர் கேட்டதாக இருப்பவை பணமும் பெயரும் மட்டும்.

இனி அந்த 15 சதவீதம். இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் படித்திருக்கிற ஒரு கதை இருக்கிறது; அதில் இதே எண் வருகிறது என்பதால் சொல்கிறேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன் பேராசிரியர்களின் கண்டுபிடிப்புகளை விற்கும் வேலையை வெளியே ஓர் அமைப்பிடம் விட்டிருந்தது. மோசமான அமைப்பு அல்ல. தொழிற்சாலைப் புகையிலிருந்து தூசியைப் பிடிக்கும் கருவியைக் கண்டுபிடித்த ஃபிரெடரிக் காட்ரெல் 1912-ல் தொடங்கிய ரிசர்ச் கார்ப்பரேஷன்தான் அது. ஆனால் 1954 முதல் 1967 வரை ஸ்டான்ஃபோர்டுக்கு அதனால் வந்தது 5,000 டாலருக்கும் குறைவு. நீல்ஸ் ரீமர்ஸ் என்ற பொறியாளர் வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து அதே வேலையைச் சோதனையாகச் செய்து பார்த்தார். முதல் வருஷமே 55,000 டாலர் வந்தது. 1970-ல் அது தனி அலுவலகமாயிற்று. அவர் லேப் லேபாக நடந்தார், பேராசிரியர்களிடம் பேசினார், எந்தக் கம்பெனியில் எந்தப் பொறியாளருக்கு இது புரியும் என்று தேடினார். தூரத்தில் உட்கார்ந்து பேட்டன்ட் காகிதத்தை மட்டும் பார்த்தவர்களால் முடியாத காரியம் அது.

ஜான் சௌனிங் என்ற இசைக் கலைஞர் அங்கே கணினியில் ஒலி உண்டாக்க ஒரு புது முறையைக் கண்டுபிடித்தார். அமெரிக்க ஆர்கன் கம்பெனிகளுக்கு அது பிடிபடவில்லை. ஜப்பானிலிருந்து வந்த யமஹா பொறியாளர் கொஞ்ச நேரத்திலேயே புரிந்துகொண்டார். 1983-ல் வந்த டிஎக்ஸ்7 கீபோர்டு அதன் விளைவு. பல்கலைக்கழகத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. கதவைத் தட்டுவது யாராலும் முடியும். எந்தக் கதவுக்குப் பின்னால் புரிந்துகொள்கிற ஆள் இருக்கிறார் என்பதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் கூலி.

அந்த அலுவலகம் தன் செலவுக்கு எடுத்துக்கொண்டதும் 15 சதவீதம்தான். கண்டுபிடிப்பு விற்று, ராயல்டி உள்ளே வந்த பிறகு, அதிலிருந்து. மீதியில் செலவு போகக் கண்டுபிடித்தவருக்கு ஒரு பங்கு, அவர் துறைக்கு ஒரு பங்கு, கல்லூரிக்கு ஒரு பங்கு. உங்களிடம் கேட்கப்படுவதோ திட்டச் செலவில் 15 சதவீதம். செலவு ஏற ஏற அவருக்குக் கமிஷன் ஏறும். மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். பத்து லட்சத்தில் முடிய வேண்டிய வேலையைப் பதினைந்து லட்சமாக்குவதில் லாபம் இருக்கிற ஒருவரை நீங்களே நடுவில் உட்கார வைக்கிறீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கூலியின் அமைப்பு ஒரு நல்ல மனிதரையும் தப்பான பக்கம் சாய்த்துவிடும்.

பேட்டன்ட்டில் மூன்றாவது பெயர் என்பது இதைவிட ஆபத்து. இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். நம் பேட்டன்ட் சட்டம் 1970-ன் 50-வது பிரிவு கூட்டு உரிமையாளர்களைப் பற்றியது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் எல்லோருக்கும் சம பங்கு. ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குச் சொல்லாமல் தன் லாபத்துக்காக அந்தக் கண்டுபிடிப்பைச் செய்து விற்கலாம். ஆனால் மற்றவர்கள் சம்மதிக்காமல் யாரும் வெளியாளுக்கு லைசென்ஸ் கொடுக்கவோ பங்கை விற்கவோ முடியாது. இதன் பொருள் என்ன? அந்தக் கன்சல்டன்ட் நாளை ஆவாரம்பாளையத்தில் ஒரு ஷெட் எடுத்து உங்கள் மோட்டாரையே செய்து விற்றால் உங்களுக்கு ஒரு பைசா தர வேண்டியதில்லை. நீங்கள் ராஜ்கோட்டில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுக்கப் போனால், அவர் கையெழுத்து இல்லாமல் முடியாது. பேட்டன்ட் ஆயுள் 20 வருஷம். அறிமுகம் செய்துவைத்ததற்கு இருபது வருஷத்துக் கடிவாளத்தை யாரும் கொடுக்கக் கூடாது. கண்டுபிடிப்பில் மூளையைப் போடாதவர் கண்டுபிடிப்பாளர் ஆகவும் மாட்டார். அப்படி எழுதினால் பேட்டன்ட்டையே பின்னால் ஒருவர் கேள்வி கேட்க இடம் கொடுத்ததாகும்.

கல்லூரிப் பக்கமும் ஒரு எச்சரிக்கை. பேராசிரியர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் மேல் இருக்கும் அழுத்தம் உங்களுக்குத் தெரிய வேண்டும். தரவரிசைக்கும் பதவி உயர்வுக்கும் கல்லூரிகள் பேட்டன்ட் எண்ணிக்கையைக் காட்டுகின்றன. சாதாரணமாக விண்ணப்பம் 18 மாதம் கழித்துத்தான் வெளியிடப்படும். படிவம் 9-ல் கட்டணம் கட்டினால் சுமார் ஒரு மாதத்திலேயே வெளியாகிவிடும். 'பேட்டன்ட் பப்ளிஷ்டு' என்று நோட்டீஸ் போர்டில் போடுவதற்காகப் பலர் அப்படிச் செய்கிறார்கள். வெளியானது என்றால் வழங்கப்பட்டது என்று அர்த்தம் இல்லை. உங்களுக்கு இன்னும் ரோட்டார் டூல் கூடத் தயாராகாத நிலையில், போட்டிக்காரர் கைக்கு வரைபடம் போய்விடும், அவ்வளவுதான். எப்போது வெளியிடுவது என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்வதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்பே கருத்தரங்கில் பேசிவிடுவது இன்னும் மோசம். ஸ்டான்ஃபோர்டிலேயே அது நடந்தது. ஸ்டான்லி கோயன், ஹெர்பர்ட் பாயர் இருவரும் மரபணுவை வெட்டி ஒட்டும் முறையை 1973 நவம்பரில் கட்டுரையாக வெளியிட்டுவிட்டார்கள். ரீமர்ஸுக்கு அது தெரிந்ததே 1974 மே மாதம், செய்தித்தாளைப் படித்து. அமெரிக்கச் சட்டம் கொடுத்த ஒரு வருஷ அவகாசம் தீர ஒரு வாரம் இருக்கும்போது விண்ணப்பம் போனது. அந்த ஒரு பேட்டன்ட் குடும்பம் 1997 வரை சுமார் 25 கோடி டாலர் ஈட்டிக்கொடுத்தது. ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே உரிமை கேட்க வழியில்லாமல் போயிற்று. நம் சட்டத்தில் அப்படிப் பொதுவான அவகாசமே கிடையாது, குறுகலான சில விதிவிலக்குகள்தான். அதற்காகப் பேராசிரியரைக் கட்டுரையே எழுதக் கூடாது என்று கட்டிப்போடாதீர்கள். அவருக்கு அதுதான் விளைச்சல். அனுப்புவதற்கு 60 நாள் முன்னால் உங்களுக்குக் காட்ட வேண்டும், அதற்குள் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட வேண்டும் என்று எழுதினால் இரண்டு பேருக்கும் நியாயம். தற்காலிக விண்ணப்பம் போட்டால் முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் நேரம் இருக்கிறது.

எதற்குப் பேட்டன்ட், எதற்கு ரகசியம் என்பதையும் யோசியுங்கள். ரோட்டார் வடிவத்தை யாரும் உங்கள் பம்பு ஒன்றை வாங்கிப் பிரித்து, தகட்டை ஒயர் கட்டில் வெட்டிப் பார்த்துவிடலாம். அதற்குப் பேட்டன்ட் வேண்டும். கன்ட்ரோலருக்குள் இருக்கும் புரோகிராம் அப்படி இல்லை. அதை வெளியே சொல்லாமல் வைத்திருப்பதே மேல்.

மூன்று வருஷம் பேச்சு எல்லாம் அவர் வழியாக என்ற நிபந்தனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஃபிட்டரும் கல்லூரி மாணவரும் ஒரே பெஞ்சில் நின்று மோட்டாரைப் பிரித்துப் பார்க்காத திட்டம் எதுவும் உருப்பட்டு நான் பார்த்ததில்லை. நல்ல இணைப்பாளர், தான் இல்லாமலே இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் நாளை நோக்கி வேலை செய்வார். மானியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: குழு உட்கார்ந்து முடிவு செய்கிற பணத்தை வாங்கித் தருவதாக யாரும் உறுதி கூற முடியாது. எம்எஸ்எம்இ இன்னோவேட்டிவ் என்ற மத்திய அரசுத் திட்டத்தில், அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் வழியாக ஒரு யோசனைக்கு 15 லட்சம் வரை உதவி உண்டு. பேராசிரியரின் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே கேட்டுவிடலாம். இன்றைய விதிகளைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். அதற்குக் கமிஷன் எதற்கு?

சரி, நடுவில் யாரை வைப்பது? முதலில் கல்லூரியிலேயே கேளுங்கள். அநேகமாக எல்லாப் பொறியியல் கல்லூரியிலும் கன்சல்டன்சி செல் என்றோ தொழில் தொடர்பு மையம் என்றோ ஒரு அறை இருக்கும். பேராசிரியருக்கு வராத பேப்பர் வேலையைச் செய்யத்தான் அது இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்கள் ஷாப்புக்கு ஒரு நாள் வரச் சம்மதிக்கிறாரா என்று பாருங்கள். எம்.ஓ.யு. என்ற புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுப் பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பதோடு நிற்கிற அறைகள் நிறைய உண்டு, அந்த எம்.ஓ.யு.வை வைத்துக்கொண்டு யாரையும் எதையும் செய்யச் சொல்ல முடியாது. வந்து பார்க்கிற ஆள் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

அடுத்தது, உங்கள் ஊரிலேயே இருப்பவர்கள். பஞ்சாலைக்காரர்கள் 1956-லேயே சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தை அமைத்துக்கொண்டார்கள். தங்களுக்கு வேண்டிய ஆராய்ச்சிக்கும் சோதனைக்கும் தங்கள் ஊரிலேயே ஓர் இடம் இருக்கட்டும் என்று. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, அது ஆலைகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறது என்பதுதான். பம்பு, மோட்டார் சோதனைக்கு சிடார்க் என்ற சோதனைக்கூடம் இருக்கிறது. பொறியியல் உற்பத்தியாளர்களின் சீமா சங்கத்திலும் சிறுதொழில் சங்கமான கொடிசியாவிலும் இந்தப் பாதையில் அடிபட்டு வந்த மூத்தவர்கள் இருப்பார்கள். அங்கிருந்து ஓய்வு பெற்ற சோதனைக்கூடப் பொறியாளர் ஒருவரைப் பிடித்தால், முதல் கட்டத்துக்கு அவரே போதும். சென்னையில் 2010-ல் திறந்த ஐஐடி மெட்ராஸ் ரிசர்ச் பார்க்கில், இடம் எடுக்கும் கம்பெனிகள் பேராசிரியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து செய்யும் வேலைக்கு 'கிரெடிட்' சேர்க்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அங்கே அந்த விதியே இரண்டு தரப்பையும் சேர்த்துவைக்கிறது. 22 பேர் கம்பெனி அங்கே போய் வாடகை கொடுக்க வேண்டாம். ஆனால் யாரோடு பேசினாலும், சேர்ந்து செய்த வேலைக்குத்தான் பணம் என்ற அந்த எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வந்த கன்சல்டன்டைத் துரத்திவிடச் சொல்லவில்லை. அவரிடம் நேராகவே மூன்று விஷயம் கேளுங்கள். கல்லூரியிடமும் பணம் வாங்குகிறாரா? கல்யாணத் தரகர் இரண்டு வீட்டிலும் வாங்குவது ஊருக்கே தெரிந்தது, அதனால் யாரும் ஏமாறுவதில்லை. இங்கேயும் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு முன் அவர் முடித்துக்கொடுத்த வேலையில், பாதியில் ஏதோ கெட்டுப்போய் அவர் சரிசெய்த ஒன்றைச் சொல்ல முடியுமா, அந்தக் கம்பெனியோடு நீங்கள் பேசலாமா? ஒரு நாள் முழுக்க உங்கள் ஷாப்பில் நின்று, மோட்டார் எரிந்து திரும்பி வந்த பம்புகளைப் பிரிப்பதைப் பார்க்க வருவாரா? மூன்றாவதுக்கு முகம் சுளிக்கிறவர் வேண்டாம்.

அவர் சம்மதித்தால், ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஆராய்ச்சி ஒப்பந்தம் உங்களுக்கும் கல்லூரிக்கும் நேரடியாக. அவர் அதில் தரப்பாக இருக்கக் கூடாது. அவரோடு தனியாகச் சேவை ஒப்பந்தம், வேலை முடிந்த அளவுக்குக் கூலி. முதல் கட்டம் ஆறு வாரம்: மூன்று முறை உங்கள் ஷாப், இரண்டு முறை லேப், ஒரு முறையாவது ஒரு விவசாயியின் தோட்டத்துப் போர். முடிவில் ஐந்தாறு பக்கத்தில் ஒரு கேள்வித்தாள்: எத்தனை எச்.பி., எத்தனை அடி ஆழம், பேனல் எவ்வளவு, தண்ணீரில் உப்பு எவ்வளவு, மோட்டாருக்கு நீங்கள் தாங்கக்கூடிய அதிகபட்ச அடக்க விலை என்ன, எந்தெந்தச் சோதனையில் தேறினால் வெற்றி. அந்தத் தாளில் நீங்களும் பேராசிரியரும் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு அவர் கேட்ட முன்பணத்தில் கால்வாசிக்கு மேல் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. மாதிரி மோட்டார் தண்ணீர்த் தொட்டிக்குள் 500 மணி நேரம் ஓடிய பிறகு அடுத்த தவணை. நிஜமான போரில் இறங்கி ஒரு கோடை தாண்டிய பிறகு கடைசித் தவணை. பங்குதான் வேண்டும் என்றால், விற்பனை தொடங்கிய பிறகு, இத்தனை வருஷத்துக்கு என்று வரம்பு கட்டிக் கொடுக்கலாம்.

கல்லூரியோடு போடும் ஒப்பந்தத்தில் ஒன்றை நான் வற்புறுத்துவேன். ரோட்டார் வடிவமைப்பு ஏற்கெனவே அவர்களுடையது. அது அவர்களிடமே இருக்கட்டும். அதைப் போர்வெல் பம்புக்கு உங்களைத் தவிர வேறு யாருக்கும் சில வருஷம் கொடுக்கக் கூடாது என்று லைசென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டு உரிமை கேட்டு மாதக்கணக்கில் இழுபறி செய்வதைவிட உங்கள் அளவுக்கு இது மலிவு, தெளிவு. இன்னொன்று, மாணவர்கள். எம்.இ. மாணவர் மே, ஜூனில் படிப்பை முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவார். புரோகிராமும் வரைபடமும் அவர் லேப்டாப்போடு போய்விடும். எனக்குத் தெரிந்து ஒரு நல்ல திட்டம் அப்படியே நின்றுபோனது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எல்லாக் கோப்புகளும் இரண்டு பக்கமும் ஒரு பிரதி சேர வேண்டும் என்பதைக் கண்காணிப்பதுகூட நடுவில் இருப்பவரின் வேலைதான்.

காலத்தையும் பாருங்கள். உங்களுக்குச் சீசன் கோடையில். கல்லூரிக்கு அப்போது தேர்வும் விடுமுறையும். கோடையில் போரில் இறக்கிப் பார்க்க வேண்டுமானால், கல்லூரி திறந்து புது மாணவர்கள் வரும்போதே கேள்வித்தாள் தயாராக இருக்க வேண்டும். அதை எழுதும்போது அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர்ப் போரில், எந்த மாதத்தில், எந்த மோட்டார் ஏன் புகைந்தது என்பது அவருக்கு மனப்பாடமாக இருக்கும். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மட்டும் என்று அவர் சொன்னால், அதையும்.